நடை வேகத்தில் நகரும் ஊர்தி: கார்னிவல் ஊர்வலங்களில் விபத்து எங்கிருந்து வருகிறது?

கார்னிவல் ஊர்வலத்தில் போகும் அலங்கார ஊர்தியின் வேகம் மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர்தான். தோளில் குழந்தையை வைத்துக்கொண்டு, பேசியபடியே நடந்தால்கூட அதோடு சேர்ந்து போய்விடலாம். இவ்வளவு மெதுவாகப் போகிற வண்டியால் என்ன ஆகிவிடப் போகிறது என்று தோன்றுவது இயல்பு.

2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து மார்டி கிரா (அந்த ஊர்க் கார்னிவல்) ஊர்வலங்களில், மூன்று நாள் இடைவெளியில் இரண்டு பேர் இப்படிப்பட்ட ஊர்திகளில் அடிபட்டு இறந்தார்கள். இரண்டு முறையும் வண்டி ஒரே வகை: ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து ஒரே டிராக்டர் இழுத்துப்போகும் இரட்டை ஊர்தி. முதலில் இறந்த பெண், கோக்கப்பட்ட இரண்டு ஊர்திகளுக்கு நடுவே புகுந்து கடக்கப் பார்த்து இணைப்பில் தடுக்கி விழுந்ததாக நேரில் பார்த்தவர்கள் சொன்னார்கள். இரண்டாவது மரணத்துக்குப் பிறகு, அந்தப் பருவத்தின் மீதி நாட்களில் இரட்டை ஊர்திகளே கூடாது என்று நகர நிர்வாகம் தடை போட்டது.

ஆக, வேகம் இங்கே ஒரு பொருட்டே இல்லை. பல டன் எடை, எதிரில் நிற்பவரைப் பார்க்க முடியாத ஓட்டுநர், பாட்டுச் சத்தத்தில் காதில் விழாத அலறல் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தால் நடை வேகமே போதும். இன்னும் சொல்லப்போனால், மெதுவாகப் போவதால்தான் மக்கள் பயமில்லாமல் சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார்கள். ஊர்தியை வடிவமைப்பது, கட்டுவது, ஏறிப்போவது என்று எந்தக் கட்டத்திலும் நான் முதலில் கேட்கச் சொல்வது ஒரே கேள்விதான்: ஏதாவது தப்பு நடந்தால் இந்த வண்டியை யார், எத்தனை நொடியில் நிறுத்துவார்கள்?

ஓட்டுநரின் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் இந்தக் கேள்வியின் கனம் தெரியும். சாதாரண டிராக்டர் என்றால் முன்பக்கம் ஓரளவு தெரியும். பின்னால் வரும் ஊர்தியின் பக்கவாட்டில் நிற்கும் குழந்தை தெரியாது. டிராக்டரையே அட்டையாலும் துணியாலும் மூடி யானையாகவோ கப்பலாகவோ மாற்றிவிட்டால் கண்ணாடிகளும் மறைந்துபோகும். கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் ஜனவரி 1 அன்று நடக்கும் ரோஜா அணிவகுப்பில் ஊர்திகளின் ஓட்டுநர் பெரும்பாலும் பூக்களுக்கு உள்ளே, ஊர்தியின் வயிற்றில் உட்கார்ந்திருப்பார். சாலை அவருக்குச் சரியாகத் தெரியாது. அதனால் கண்காணிப்பாளர் என்று இன்னொருவர் முன்புறத்தில் இருந்துகொண்டு, காதில் மாட்டிய கருவி வழியாக இடது, வலது, நில் என்று சொல்லிக்கொண்டே வருவார். அங்கே ஓட்டுவது என்பது இரண்டு பேர் சேர்ந்து செய்யும் வேலை.

2017 பிப்ரவரியில் ரியோ டி ஜெனிரோவின் சம்பா அணிவகுப்பு அரங்கத்தில் நடந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பராயிசோ டோ துயுத்தி என்ற சம்பா பள்ளியின் (அங்கே சம்பா நடனக் குழுக்களைப் பள்ளி என்பார்கள்) ஊர்தி, மழை ஈரத்தில் தடம் விலகி, ஓரத்தில் நின்றவர்களைப் பார்வையாளர் பகுதியின் வேலியோடு சேர்த்து நசுக்கியது. 20 பேர் அளவில் காயமடைந்தார்கள். அவர்களில் ஒரு பெண் பத்திரிகையாளர் சிகிச்சை பலனளிக்காமல் இரண்டு மாதம் கழித்து இறந்துபோனார். வண்டிக்கும் வேலிக்கும் நடுவில் மனிதர்கள் நிற்கும் எந்த இடத்திலும் இது நடக்கலாம். ஒதுங்கிப்போக வழி இருக்காது. கத்தினாலும் ஓட்டுநர் காதில் விழாது.

அதனால்தான் ஊர்தியோடு கூடவே நடந்து வரும் காவலர்கள் வேண்டும். சக்கரத்துக்கு ஒருவர், இணைப்புக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். இவர்கள் ஆடக் கூடாது, கூட்டத்தோடு படம் எடுத்துக்கொள்ளக் கூடாது, குடித்திருக்கவே கூடாது. நிறம் தனியாகத் தெரியும் மேலங்கியும் கழுத்தில் விசிலும் இருந்தால் போதும். வாக்கி டாக்கி நல்லதுதான், ஆனால் பாண்டு வாத்தியம் முழங்கும்போது அதை மட்டும் நம்ப முடியாது. கை சைகையை முன்கூட்டியே பழகி வைத்துக்கொள்ள வேண்டும். விதி எளிமையானது: நில் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம், சொன்ன உடனே வண்டி நிற்க வேண்டும்; புறப்படு என்று சொல்ல ஒரே ஒருவருக்குத்தான் உரிமை. அவரும் எல்லாச் சக்கரத்துக் காவலரின் கையும் உயர்ந்ததைப் பார்த்த பிறகுதான் சொல்ல வேண்டும். நிறுத்தச் சொல்லத் தயங்கும் குழுவை நான் நம்ப மாட்டேன். பத்து முறை வீணாக நின்றாலும் பரவாயில்லை.

தெரு முனையில் திரும்பும் அந்த அரை நிமிடத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். டிராக்டர் முனையைத் தாண்டி அகலமாக வளைகிறது. முனையில் நிற்பவர்கள், வண்டி நம்மைக் கடந்துவிட்டது என்று நினைத்து ஓர் அடி முன்னால் வருகிறார்கள். ஆனால் டிரெய்லரின் பின்சக்கரம் டிராக்டர் போன தடத்தில் வருவதில்லை. உள்பக்கமாக, முனையை வெட்டிக்கொண்டு வரும். டிரெய்லர் நீளமானால் இந்த வெட்டும் பெரிதாகும். அதே சமயத்தில் ஊர்தியின் வால் சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருந்தால், அது எதிர்ப்பக்கம் வெளியே வீசும். உள்பக்கத்தில் நிற்பவரைச் சக்கரம் நெருங்குகிறது, வெளிப்பக்கத்தில் நிற்பவரை வால் இடிக்க வருகிறது. இங்கிலாந்தின் சோமர்செட் பகுதி இரவு கார்னிவல்களில் ஓடும் ஊர்திகள் 100 அடி நீளம் வரை இருக்கும்; அந்த நீளத்துக்கு ஒவ்வொரு முனையும் ஒரு தனிக் கணக்கு. ஊர்வலத்துக்கு முந்தைய வாரமே, காலியான தெருவில் ஊர்தியின் நீளத்துக்கு ஒரு டிரெய்லரை ஓட்டிப் பார்த்து, சக்கரம் எங்கே போகிறது, வால் எங்கே வருகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு வைத்துக்கொள்ளலாம். தடுப்பு வேலியை அந்தக் கோட்டுக்குப் பின்னால்தான் நிறுத்த வேண்டும்.

ஊர்தியிலிருந்து கூட்டத்துக்கு மிட்டாய், மணிமாலை எறிவதிலும் இதே சிக்கல் இருக்கிறது. மேலே நிற்பவர் கை சோர்ந்து வண்டிக்குப் பக்கத்திலேயே போட்டுவிட்டால், பொறுக்க ஓடி வரும் குழந்தை நேராகச் சக்கரத்துக்குத்தான் வரும். தூரமாக, பின்வரிசையில் நிற்பவர்களை நோக்கி எறிய வேண்டும். எறியத் தெம்பில்லை என்றால் நிறுத்திவிடலாம். சக்கரங்களை மறைக்கும் பக்கவாட்டுப் பலகை தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை இறங்கியிருந்தால், விழுந்தவர் அடியில் போகாமல் தள்ளப்படுவார். வெறும் துணி இந்த வேலையைச் செய்யாது. அது சக்கரத்தை மறைத்துவிட்டு, ஆபத்து இல்லாதது போல் காட்டும்.

கட்டுமான விஷயத்தில் ஜெர்மனியின் விதிகள் எனக்குப் பிடித்தவை, ஏனென்றால் அவை அளவோடு பேசுகின்றன. அங்கே மரபு விழா ஊர்வலங்களுக்குச் சாலைப் போக்குவரத்து விதிகளிலிருந்து விலக்கு தரும் 1989-ஆம் ஆண்டுத் தனி ஆணையும் அதையொட்டிய வழிகாட்டிக் குறிப்பும் இருக்கின்றன. ஆட்கள் ஏறியிருக்கும்போது நடை வேகம், அதாவது மணிக்கு 6 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஓட்டுநருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பெரியவர்கள் நிற்கும் தளத்தைச் சுற்றிக் குறைந்தது 1 மீட்டர் உயரத் தடுப்பு வேண்டும். குழந்தைகளோ உட்கார்ந்தபடி வருபவர்களோ மட்டும் என்றால் 80 சென்டிமீட்டர். ஏறி இறங்கும் படி பின்பக்கம் இருப்பது நல்லது. இழுக்கும் வண்டிக்கும் ஊர்திக்கும் நடுவில் எக்காரணம் கொண்டும் இருக்கக் கூடாது.

அந்த 1 மீட்டர் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தால் அதன் அருமை தெரியும். நிற்கும் மனிதரின் எடை மையம் அவர் உயரத்தில் பாதிக்குச் சற்று மேலே, தொப்புளை ஒட்டி இருக்கும். 170 சென்டிமீட்டர் உயரமானவருக்கு அது 93, 94 சென்டிமீட்டரில் வரும். தடுப்பு அதைவிடத் தாழ்ந்திருந்தால், வண்டி குலுங்கும்போது உடல் தடுப்பின் மேல் மடிந்து தலைகீழாக வெளியே போகும். உயர்ந்திருந்தால், மோதி உள்ளேயே நிற்கும். இப்போது அதே மனிதர் நன்றாகத் தெரிய வேண்டும் என்று ஒரு பெட்டியின் மேல் ஏறி நிற்கிறார் என்று வையுங்கள். பெட்டி 30 சென்டிமீட்டர் உயரம். விதிப்படி கட்டிய தடுப்பு இப்போது அவருடைய தொடை அளவுக்குத்தான் இருக்கிறது. தலையில் கனமான இறகுக் கிரீடம் வேறு இருந்தால் எடை மையம் இன்னும் மேலே போகும். தளத்தில் இப்படி ஏற வசதியாக எந்தப் பெட்டியும் கிடக்கக் கூடாது என்பதைக் கட்டுபவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

குழந்தைகளுக்கு வேறு கணக்கு. அவர்கள் தடுப்புக்கு மேலாக விழுவதைவிட, இடைவெளி வழியாக வெளியே நழுவ வாய்ப்பு அதிகம். 2019 மார்ச்சில் இத்தாலியின் போலோனியா நகரக் கார்னிவலில் மூன்று வயதுகூட நிரம்பாத ஒரு குழந்தை ஊர்தியிலிருந்து விழுந்து இறந்தது. சின்னக் குழந்தைகள் ஏறும் ஊர்தியில் கம்பிகளுக்கு நடுவே இடைவெளியே இல்லாமல் பலகையோ வலுவான வலையோ அடித்துவிட வேண்டும். கூடவே, ஒவ்வொரு சில குழந்தைக்கும் பொறுப்பான ஒரு பெரியவர் மேலேயே இருக்க வேண்டும். அவருக்கு வேறு வேலை எதுவும் கொடுக்கக் கூடாது.

இடுப்பில் பட்டை கட்டி ஊர்தியோடு பிணைத்துக்கொள்வது உயரமான தளங்களில் அவசியம். பட்டையை அலங்காரக் கம்பியில் மாட்டினால் பயனில்லை. வண்டியின் இரும்புச் சட்டத்தோடு வெல்டிங் செய்த வளையத்தில் மாட்ட வேண்டும். கயிறு, தடுப்பைத் தாண்ட விடாத அளவுக்குக் குட்டையாக இருக்க வேண்டும். ஆனால் தீப்பிடித்தால் அதே பட்டை ஆளைக் கட்டிப்போட்டுவிடும். பாசடீனாவில் ஊர்திகளைச் சோதிக்கும்போது, மேலே இருக்கும் அனைவரும் 45 நொடிக்குள் கீழே இறங்கிக் காட்ட வேண்டும். ஒரு கையால் கழற்றக்கூடிய கொக்கி, அதைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றும் பழக்கம், இரண்டும் இருந்தால்தான் இந்த 45 நொடி சாத்தியம். வேடம், முகமூடி, கையுறை எல்லாம் அணிந்தபடியே ஒத்திகை பார்க்க வேண்டும். வெறுங்கையால் பழகிவிட்டு, அன்றைக்குக் கையுறையோடு தடுமாறக் கூடாது.

அப்புறம் எடை. 25 பேர் ஏறினால், ஆளுக்கு 75 கிலோ வைத்தாலும் 1,875 கிலோ. இது அவர்கள் அசையாமல் நின்றால். தாளத்துக்கு எல்லோரும் ஒன்றாகக் குதித்தால், தரையிறங்கும் அந்தக் கணத்தில் தளம் தாங்க வேண்டிய விசை இதைப்போல் மடங்குகளில் ஏறும். ஒரு பக்கம் பிரபலம் யாராவது கை அசைத்தால் எல்லோரும் அந்த ஓரத்துக்கு ஓடுவார்கள். பாதித் தளத்துக்கு முழு எடை வரும். 2017-இல் ரியோவில் துயுத்தி விபத்து நடந்து ஒரு நாள் கழித்து, உனிடோஸ் டா திஜுக்கா பள்ளியின் ஊர்தியில் மேல்தளம் ஆடிக்கொண்டிருந்தவர்களோடு சரிந்து இறங்கியது. பத்துப் பேருக்கு மேல் காயம்.

ஆட்களை ஏற்றிச் சோதித்துப் பார்ப்பது சோதனை ஆகாது. 200 லிட்டர் தண்ணீர் பீப்பாய் ஒன்று 200 கிலோ. பத்துப் பீப்பாயைத் தளத்தில் வைத்து நிரப்பினால் இரண்டு டன். முதலில் பரவலாக, பிறகு எல்லாவற்றையும் ஒரே ஓரத்தில் வைத்து, ஓர் இரவு விட்டுப் பார்க்கலாம். மறுநாள் தளம் தொய்ந்திருக்கிறதா, வெல்டிங்கில் மயிரிழை விரிசல் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். தாங்கும் இணைப்புகளில் மரத்திருகாணியை நம்பாமல், துளைத்து மறுபக்கம் வந்து பூட்டு நட்டு போடும் போல்ட்டாகப் போடுங்கள். குலுக்கலில் திருகாணி மெல்ல மெல்லக் கழன்று வரும், வெளியில் தெரியாது. பிறகு பள்ளம் மேடான சாலையில் சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, எல்லா நட்டையும் மறுபடி முடுக்க வேண்டும். முதல் ஓட்டத்தில் தளராத நட்டு அபூர்வம்.

இழுக்கும் வண்டியை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை, அலங்காரம் முழுக்கப் பின்னால்தானே இருக்கிறது. 2022 நவம்பரில் வட கரோலினாவின் ராலே நகரத்துக் கிறிஸ்துமஸ் ஊர்வலத்தில், ஊர்தியை இழுத்து வந்த டிரக்கின் கட்டுப்பாடு போய், முன்னால் ஆடிக்கொண்டு போன 11 வயதுச் சிறுமி இறந்தாள். பிரேக் பிடிக்கவில்லை என்று ஓட்டுநர் கத்தியதைப் பலர் கேட்டார்கள். மணிக்கணக்கில் நடை வேகத்தில் ஓட்டுவது எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் பெரிய தண்டனை: காற்று அடித்துக் குளிர வழியில்லை, கால் பெடலை விட்டு எடுபடுவதில்லை. தேர்ந்த மெக்கானிக் ஒருவர் அதே வாரத்தில் பார்த்திருக்க வேண்டும், டிரெய்லருக்குத் தனி பிரேக் இருக்க வேண்டும், வண்டி நிற்கும்போதெல்லாம் சரிவில் சக்கரத்துக்குக் கட்டை வைக்க ஒருவர் தயாராக இருக்க வேண்டும். ஊர்திக்கும் முன்னால் ஆடுபவர்களுக்கும் நடுவே, பிரேக் போனாலும் ஒதுங்க நேரம் கிடைக்கிற அளவுக்கு இடைவெளி விட வேண்டும்.

வழித்தடத்தைப் பற்றி யோசிக்கும்போது 2012 நவம்பர் 15 அன்று டெக்சஸின் மிட்லண்ட் நகரில் நடந்தது எப்போதும் என் நினைவுக்கு வரும். முன்னாள் படைவீரர்களையும் அவர்களின் மனைவியரையும் ஏற்றிக்கொண்டு போன ஊர்வல ஊர்தி ரயில் கடவையைக் கடக்கும்போது சரக்கு ரயில் மோதியது. நான்கு படைவீரர்கள் இறந்தார்கள். விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், தண்டவாளத்தின் குறுக்கே ஊர்வலத்தை விட்டதில் இருந்த ஆபத்தை நகர நிர்வாகமும் அமைப்பாளரும் கண்டறிந்து சரிசெய்யாததே காரணம் என்றது. இன்னொன்றையும் அது சுட்டிக்காட்டியது: ஊர்வலத்துக்காகக் காவல்துறை வழக்கமான போக்குவரத்தை நிறுத்தியிருந்ததால், ரயில் வருவதைச் சாலை விளக்குகள் மூலம் உணரும் வாய்ப்பு ஓட்டுநருக்குக் கிடைக்கவில்லை. வழியெல்லாம் சிவப்பு விளக்கைத் தாண்டி வந்தவருக்கு, அடுத்த சிவப்பும் தாண்டக்கூடியதாகத்தான் தெரியும். ஊர்வலம் போகும் சாலையில் வழக்கமான எச்சரிக்கைகள் வேலை செய்யாது என்பதை அமைப்பாளர்கள் மனதில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

மின்கம்பி இதைவிடக் கொடியது. 2015 பிப்ரவரியில் ஹெய்ட்டியின் போர்ட்-ஓ-பிரின்ஸில், ஊர்தியின் மேல் நின்ற பாடகர் ஒருவர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டார். மின்சாரத்தாலும், அதைப் பார்த்து மிரண்டு ஓடிய கூட்ட நெரிசலாலும் குறைந்தது 16 பேர் இறந்தார்கள். ஊர்தியின் உயரத்தை அளக்கும்போது, மேல்தளத்தில் ஒருவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, கையில் கொடியோ கோலோ இருந்தால் அதையும் பிடித்துக்கொண்டு நிற்கும் உயரத்தைத்தான் அளக்க வேண்டும். கம்பியின் உயரம் நாளுக்கு நாள் மாறும். வெயிலில் அது தொய்யும். கம்பைக் கொண்டு கம்பியைத் தூக்கிப் பிடித்து ஊர்தியைக் கடத்துவது பல இடங்களில் சகஜமாக நடக்கிறது. அதைக் கண்டிப்பாக விட்டுவிட வேண்டும். உயர் அழுத்த மின்சாரம் தொடாமலேயே தாவும், ஈரக் கம்பின் வழியாக இறங்கும். பாசடீனாவின் வழித்தடத்தில் 16 அடி 6 அங்குல இடைவெளி உள்ள பாலம் ஒன்று இருப்பதால், அதைவிட உயரமான ஊர்திகள் 60 நொடிக்குள் மடங்கித் தாழ வேண்டும் என்பது அங்கே நிபந்தனை. மடங்க முடியாத ஊர்தி என்றால் வழித்தடத்தை மாற்றுங்கள், அல்லது முறைப்படி மின்தடை வாங்குங்கள்.

பட்டுவிட்டால் என்ன செய்வது என்பதும் ஏறும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தீ இல்லையென்றால் மேலேயே இருங்கள். கீழே நிற்பவர்கள் தொடாமல் விலகிப் போகட்டும். இறங்கியே ஆக வேண்டும் என்றால், இரண்டு காலையும் சேர்த்து வைத்து, வண்டியைத் தொடாமல் குதித்து, காலைப் பிரிக்காமல் தத்தித் தத்தி விலக வேண்டும். ஒரு காலை வண்டியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்தால் மின்சாரம் உடல் வழியாகப் போகும். தீப்பொறி நின்றுவிட்டது, மின்சாரம் போய்விட்டது என்று நினைத்து அருகில் போகக் கூடாது. பல மின்பாதைகள் சில நொடிகளில் தானாகவே மறுபடி இணைந்துகொள்ளும்.

தீயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், அதன் விதிகள் பலருக்கும் தெரிந்தவை. தெர்மோகோல், காகிதக் கூழ், இறகு, நைலான் துணி எல்லாம் பற்றிக்கொள்ளக் காத்திருப்பவை. 2011 பிப்ரவரியில் ரியோவில் சம்பா பள்ளிகள் ஊர்திகளைக் கட்டும் சம்பா நகரக் கூடங்களில் பிடித்த தீயில் மூன்று பள்ளிகளின் ஆயிரக்கணக்கான ஆடைகளும் ஊர்திகளும் கார்னிவலுக்கு ஒரு மாதம் முன்பு சாம்பலாயின. ஜெனரேட்டர் ஓடும்போது அதில் எண்ணெய் ஊற்றக் கூடாது, அதன் புகை ஓட்டுநர் உட்காரும் மூடிய அறைக்குள் போகக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. ஓட்டுநர் மெல்ல மயங்குவது யாருக்கும் தெரியாது. தீயணைப்புக் கருவி ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் ஒன்று, தளத்தில் ஒன்று, நடந்து வருபவரிடம் ஒன்று. அலங்காரத்துக்குப் பின்னால் ஒளித்து வைக்க வேண்டாம்.

கடைசியாக, ஊர்வலம் முடிந்த பிறகு. எல்லோரும் அயர்ந்துபோய் அசட்டையாக இருக்கும் நேரம் இது. 2013-இல் பிரேசிலின் சாண்டோஸ் நகரில் அணிவகுப்பை முடித்துக்கொண்டு வெளியேறிய ஊர்தி மின்கம்பியில் பட்டு நான்கு பேர் இறந்தார்கள். 2022 ஏப்ரலில் ரியோவில், அரங்கத்தை விட்டு வெளியே வந்த ஊர்தியின் மேல் ஏறிய 11 வயதுச் சிறுமி, ஊர்திக்கும் கம்பத்துக்கும் நடுவே நசுங்கி இரண்டு நாளில் இறந்தாள். அதன் பிறகு, ஊர்திகள் கூடத்துக்குத் திரும்பும் வரை காவலோடு போக வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. ஜெர்மனியில் ஊர்வலம் தொடங்கும் இடத்துக்குப் போகும்போதும் அங்கிருந்து திரும்பும்போதும் ஊர்தியில் ஆள் ஏறவே அனுமதி இல்லை.

ஆகவே சக்கரத்துக் காவலர்களின் வேலை, கூட்டம் கலைந்ததும் முடிவதில்லை. முடியும் இடத்தில் வண்டி நின்று, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, எல்லோரும் பின்படி வழியாக இறங்கி, தலைகளை எண்ணிச் சரிபார்த்து, காலியான ஊர்தியோடு அவர்கள் மறுபடி நடக்க வேண்டும். கூடத்துக் கதவு மூடி, ஓட்டுநர் சாவியை எடுத்த பிறகு மேலங்கியைக் கழற்றலாம்.